எண்பத்திரண்டு கைகளும் ஓர் அரைக்கையும்

முள்ளித்தருவையில் முதல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்த அன்றைக்கு எண்பத்திரண்டு பேர் தூக்கிய கை திரும்ப இறங்கவில்லை. நாற்பத்துமூன்று நாள் அப்படியே நின்றது. அந்த நாற்பத்துமூன்று நாளும் ஊரில் உப்பு விளைந்தது, பிள்ளை பிறந்தது, ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு சாவு விழுந்தது, எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டேதான் நடந்தது. யார் மேல் தப்பு என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சந்தனவடிவைக் கேட்டால் மட்டும், "எம்மேலதான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மூன்று பக்கம் உப்புப் பாத்தி, நாலாவது பக்கம் கடல், நடுவில் கொஞ்சம் ஓலைக் குடிசை, உப்பளத்து முதலாளி பொன்னுலிங்கத்தின் ஒற்றை மச்சுவீடு, உப்பு அடைத்து வைக்கிற அவருடைய கிட்டங்கி. எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர்தான் வரும், ஒரே ஓர் இடத்தைத் தவிர. தேரி என்கிற செம்மண் மேட்டின் அடியில் இருக்கிற கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி ஊறும். கிணறு ஊர்ப்பொதுவில்தான் இருந்தது, ஆனால் அதன் வாய்க்குத் தேக்குப் பலகைக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது, சாவி பொன்னுலிங்கத்தின் இடுப்பில் தொங்கியது. ஊருக்குத் தலைவர் யாரோ அவரிடம் கிணற்றுச் சாவி என்பது வழக்கம். அவர் அப்பா காலத்திலிருந்து தலைவர் அந்த மச்சுவீட்டில்தான் இருந்தார். அளத்தில் வேலை பார்க்கிற வீட்டுக்கு நாளைக்கு ஒரு குடம். கங்காணி வீட்டுக்கு ரெண்டு குடம். எதிர்த்துப் பேசின வீடு குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளலாம்.

சந்தனவடிவுக்கு இருபத்துமூன்று வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. அவள் புருசன் இசக்கியப்பன்தான் கங்காணி, அதனால் வீட்டுக்கு ரெண்டு குடம். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் தவசிக்கனி பாத்தியில் உப்பு வாருகிறவன், கூலி கேட்டு ஒருநாள் சத்தம் போட்டுவிட்டான், அதனால் அவன் வீட்டுக் குடம் ஒன்றரை வருசமாகக் கவிழ்ந்து கிடந்தது. அவன் பெண்டாட்டி மூன்று மைல் நடந்து அடுத்த ஊரில் தண்ணீர் எடுத்தாள்.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருசம் ஆகியிருந்தது. இனிமேல் தலைவரை ஊர்தான் எடுக்கணும் என்று சட்டம் வந்தது, இருபத்தொரு வயசான ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்றும் வந்தது. பொன்னுலிங்கம் நின்றார். எதிர்த்து தவசிக்கனி நின்றான். ரோடு போடுகிறேன், பள்ளிக்கூடம் கட்டுகிறேன் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"நான் ஜெயிச்சா அந்தக் கதவக் கழத்தி அடுப்பெரிப்பேன்."

அந்தக் காலத்தில் சீட்டும் பெட்டியும் அந்த ஊர் வரைக்கும் வரவில்லை. எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கினால்தான் ஓட்டு. ஆவணி கடைசியில் ஒரு பகலில் கிட்டங்கி வாசலில் ஊர் கூடியது. தேர்தல் நடத்த டவுனிலிருந்து கணபதிராமன் என்று ஓர் அய்யா குடையோடும் வெற்றிலைப் பெட்டியோடும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரிலேயே மூத்த பிச்சைக்கனிப் பாட்டாவைக் கட்டிலோடு தூக்கிவந்து நிழலில் வைத்தார்கள். பொன்னுலிங்கம் வெள்ளை வேட்டியில், சாவி வெளியே தெரியும்படி, இசக்கியப்பனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றார்.

முதலில் பொன்னுலிங்கத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். எண்பத்திரண்டு. கைகள் இறங்கின. அதில் ஒன்று இசக்கியப்பனுடையது.

அப்புறம் தவசிக்கனிக்கு. பாத்திக்காரர்கள் தூக்கினார்கள், அவர்கள் பெண்டாட்டிமார் தூக்கினார்கள், பாட்டா கட்டிலில் படுத்தபடியே வலது கையை வானத்தைப் பார்க்க நீட்டினார், பொன்னுலிங்கத்தின் சமையல்காரி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று தூக்கினாள். சந்தனவடிவின் கையும் எழுந்தது. யோசித்து எழவில்லை, அண்ணன் பேரைச் சொன்னதும் அது தானாக எழுந்தது, இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, காது வரைக்கும் வந்தது. அப்போது அவள் புருசனைப் பார்த்துவிட்டாள். அவன் முறைத்திருந்தால் அவள் தூக்கியிருப்பாள். அவன் முறைக்கவில்லை, கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தான். கை காதுப்பக்கம் நின்றது. விரல் முடிக்குள் போய்ச் சொறிகிற மாதிரி அசைந்தது.

அய்யா எண்ணினார். எண்பத்திரண்டு. திரும்பவும் எண்ணினார். எண்பத்திரண்டுதான். குடையின் நுனியை அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தாம்மா, அது ஓட்டா, தலை அரிப்பா?"

கூட்டம் சிரித்தது, அப்புறம் சிரிப்பு நின்றது, ஏனென்றால் சமம் சமமாக நிற்கிற இடத்தில் அந்தக் கை ஒன்றுதான் பாக்கி என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. சந்தனவடிவு சாவியைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், ரெண்டு குடத்தை நினைத்தாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அரிப்புதான்யா," என்றாள்.

சமம் ஆனால் சீட்டுப் போட்டு எடுக்கலாம் என்றார் அய்யா. ரெண்டு தாளில் பேர் எழுதி மடித்துத் தம்ளரில் போட்டு ஒன்றை எடுத்தார். பொன்னுலிங்கம். ரெண்டிலும் ஒரே பேர்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அது உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் அவர் ரெண்டாவது சீட்டில் சுண்ணாம்பு விரலைத் துடைத்து எறிந்துவிட்டார்.

"ஆச்சு. எல்லாரும் கைய எறக்கலாம்."

இறங்கவில்லை.

சுளுக்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துத் தொங்கினார்கள், கை அசையவில்லை, வலிக்கவும் இல்லை, கிட்டங்கித் தூண் மாதிரி நின்றது. சந்தனவடிவின் கை மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை, காதோரம் முடிக்குள் விரலை விட்டபடி அப்படியே நின்றது. அய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எறக்காட்டி உங்க இஷ்டம்" என்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினார். பொன்னுலிங்கம் சிரித்தார்.

"எத்தன நேரம் நிப்பான்? பசிச்சா எறக்குவான்."

பசித்தது, இறங்கவில்லை. நின்றது வலது கை, அதனால் கழுவுகிற கையாலேயே சாப்பிட வேண்டியதாயிற்று, இதில் மறைக்க ஒன்றுமில்லை. ரெண்டு நாள் கூச்சப்பட்டார்கள். மூன்றாம் நாள் புருசன் கை இறங்கியும் பெண்டாட்டி கை நின்றும் போன வீடுகளில் புருசன்மார் ஊட்டிவிட ஆரம்பித்தார்கள். இருபது வருசம் ஒரு பருக்கை ஊட்டாதவன் எல்லாம் ஊட்டினான். சட்டையைத் தலைவழியே போட முடியவில்லை என்று வலது தோளில் கிழித்து நாடா வைத்துத் தைத்தார்கள். குடிசை உயரம் போதாமல் நிலைப்படிக்கு மேலே ஓலையைப் பிய்த்து வழி விட்டார்கள், வெளியே இருந்து பார்த்தால் ஒவ்வொரு கூரையிலும் ஒரு கை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. படுத்தாலும் அந்தக் கை தரையில் சாயாது, தரையிலிருந்து வானத்துக்கு நிற்கும், அதில் தூளியின் ஒரு முனையைக் கட்டிப் பிள்ளையை ஆட்டினார்கள். துணி காயப்போட்டார்கள். காக்கா உட்கார்ந்தது. முதல் வாரம் விரட்டினார்கள், அடுத்த வாரம் விட்டுவிட்டார்கள்.

பாத்தியில் ஒற்றைக் கையால் வாருபலகையைப் பிடிக்க முடியாது, ரெண்டு பேர் சேர்ந்து பிடித்து உப்பை வாரினார்கள். ஆளுக்கு ஓர் இடக்கையாக ஒரே மூச்சில் இழுத்துப் பழகினார்கள், பழகினதும் முன்னைவிட நன்றாகவே வாரினார்கள். தலைப்பெட்டி சுமக்கிறவர்களுக்குத் தொல்லையே இல்லை, பெட்டியைப் பிடிக்கக் கை ஏற்கனவே மேலேதான் இருந்தது. மெயின் ரோட்டில் டவுன் பஸ் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்றது. "யாரு ஏறணும்?" என்று கண்டக்டர் கேட்பான், "யாரும் ஏறல, நீ போ" என்பார்கள், அடுத்த பத்தடியில் வேறு ஒருத்தி கையைத் தூக்கிக்கொண்டு விறகு சுமந்து போவாள். ஒரு வாரத்தில் டிரைவர் நிறுத்துவதை விட்டுவிட்டான், அதனால் நிஜமாகவே ஏறவேண்டியவர்கள் காலைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஒன்பதாம் நாள் போலீஸ் வந்தது. கலகம் செய்கிறார்கள் என்று பொன்னுலிங்கம் எழுதிப் போட்டிருந்தார். ஏட்டு விலங்கோடு இறங்கி, "கையத் தூக்குங்கலே" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். தவசிக்கனி சொன்னான், "தூக்கித்தான் இருக்கோம் அய்யா. எறக்கச் சொல்லிப் பாரும்." ஏட்டு சொல்லிப் பார்த்தார். ஒருவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், தொங்கியும் பார்த்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் போகும்போது ஒரு பாத்தி வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், கோயிலுக்குள் நடக்கிற மாதிரி. ஏன் கழற்றினார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அப்படி ஒன்று ஊருக்குள் வந்துவிட்டிருந்தது, அதை என்ன பேர் சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. சாயங்காலம் தேரி மேல் நின்று பார்த்தால் வெள்ளை வெளேரென்று பாத்திகள், அதில் கண்ணாடி மாதிரி உப்புத்தண்ணீர், அதற்கு மேலே எண்பத்திரண்டு கை வானத்தைப் பார்த்து, அதற்குக் கீழே எண்பத்திரண்டு கை பாதாளத்தைப் பார்த்து, காற்று இல்லாத நேரத்திலும் ஒரு தோப்பு நடந்து போகிற மாதிரி அசைந்து போகும். பொன்னுலிங்கத்துக்குக் கை தூக்கினவர்கள் தங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார்கள். அவர்களில் சிலபேர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தார்கள் என்றும், அது உடனே இறங்கிவிட்டது என்றும், அதில் அவர்களுக்கு வருத்தம் என்றும் சொன்னார்கள். சமையல்காரி இனி மறைக்க ஒன்றுமில்லாமல் பொன்னுலிங்கத்துக்கே இடக்கையால் சோறு பரிமாறினாள். அவளை நிறுத்தினால் வேறு யாரும் சமைக்க வரமாட்டார்கள் என்று அவரும் சாப்பிட்டார்.

ஆனால் தண்ணீரை நிறுத்திவிட்டார். தூக்கின கை இருக்கிற எந்த வீட்டுக்கும் குடம் கிடையாது. மூன்று மைல் நடக்கிற கூட்டத்தில் தவசிக்கனி பெண்டாட்டியோடு இப்போது எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

சந்தனவடிவின் வீட்டுக்கு ரெண்டு குடம் வந்துகொண்டே இருந்தது.

அவளை ஊரில் அரைக்கை என்றார்கள். முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். "என்ன அரைக்க, பேன் இன்னும் அகப்படலியா?" இறங்கினவர்களோடு அவளைச் சேர்க்கவில்லை, ஏறினவர்களோடும் சேர்க்கவில்லை. முழங்கை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றதால் அவளால் வலது பக்கம் வருகிறவர்களைப் பார்க்கவும் முடியாது, திட்டுகிறது யாரென்று தெரியாமலே திட்டு வாங்கினாள். இசக்கியப்பன் அவளுக்குச் சோறு ஊட்டினான். தலையை அவனே சீவினான், விரல் மாட்டியிருக்கிற இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தை ஒற்றைப் பின்னலாகப் பின்னினான், மோசமாகப் பின்னவில்லை. ஒருநாள் விட்டத்தில் கயிறு போட்டு அவள் மணிக்கட்டில் கட்டி அவனே இழுத்தும் பார்த்தான். கயிறுதான் அறுந்தது.

"நான் போயி உள்ளதச் சொல்லிரட்டா?" என்றாள்.

அவன் அறுந்த கயிற்றைச் சுருட்டினான். "சொன்னா அன்னைக்கே கங்காணி வேற ஆளு. ரெண்டு கொடமும் போச்சு. நான் வாருபலகை புடிச்சதே கெடையாது வடிவு."

"படிச்சுக்கிட வேண்டியதுதான்."

"சொல்லாதேன்னு நான் சொல்லல. எங்கிட்ட கேட்டுட்டுச் சொல்லாத. கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

இருபதாம் நாள் அவள் ரெண்டு குடத்தில் ஒன்றை இடுப்பில் வைத்து, ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டு, அரை மைல் நடந்து அண்ணன் குடிசைக்குப் போனாள். தவசிக்கனி வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"என்னது?"

"தண்ணி."

"யாரு கொடம்?"

"எங்கொடந்தான்."

"ஒனக்குத்தான தல அரிக்கி. எண்ணெய் தேச்சு முழுகு. அதுக்கு நல்ல தண்ணி வேணும்லா. கொண்டுபோ."

"அண்ணே, பிள்ளையளுக்காவது."

"எம்பிள்ளைய மூணு மைல் தண்ணி குடிச்சுப் பழகிட்டு. நீதான் பாவம், ஒனக்குக் கிட்டத் தண்ணி."

அவள் குடத்தை வைக்கவும் இல்லை, அழவும் இல்லை. திரும்பி அரை மைல் நடந்தாள். பாதி வழியில் கோபம் வந்து குடத்தைப் பாத்தியில் கவிழ்த்துவிட்டாள். உப்பில் விழுந்த நல்ல தண்ணீர் கொஞ்சம் உப்பைக் கரைத்து ஒரு குழி போட்டது, அவ்வளவுதான்.

இருபத்தொன்பதாம் நாள் பிச்சைக்கனிப் பாட்டா செத்துப்போனார். தொண்ணூறு வயது, அழுகிற சாவு இல்லை. ஆனால் கை இறங்கவில்லை. பாடையில் கிடத்தினார்கள், கை நின்றது, அதற்கும் சேர்த்து மாலை போட்டார்கள். குழியை ஆள் உயரம் தோண்டினார்கள், இறக்கினார்கள், மண்ணைத் தள்ளினார்கள். மண் மேடானதும் பார்த்தால் மேட்டுக்கு மேலே மணிக்கட்டும் அஞ்சு விரலும் நின்றது. இன்னும் மண் போட்டார்கள். மேடு உயர உயர, விரல்களும் மேலே நின்றன. மூன்று மேடு ஆனதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். கடலிலிருந்து காற்று வந்தது. சுற்றி நின்ற எண்பத்தொரு கையும் மண்ணுக்கு மேலே நின்ற அந்தக் கையும் ஒரே உயரத்தில் நிற்கிற மாதிரித் தெரிந்தது. பொன்னுலிங்கத்தின் ஆட்களில் சிலபேர் சாவுக்குத் துட்டி கேட்க வந்திருந்தார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கட்டின கையை அவிழ்த்து அந்த விரல்களைக் கும்பிட்டார்கள்.

எல்லாரும் போன பிற்பாடு சந்தனவடிவு மட்டும் நின்றாள். மூக்கு வழிந்தது, துடைக்க இடக்கை இருந்தது.

"பாட்டா, எனக்குத் தல அரிக்கல," என்றாள் அந்த விரல்களைப் பார்த்து. "பொய் சொல்லிட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை. எண்ணுகிற ஆள் இல்லாத இடத்தில் சொன்ன ஓட்டு ஓட்டு ஆகாது. அது அவளுக்கே தெரிந்துதான் இருந்தது. செத்தும் ஒருத்தர் கையைக் கீழே போடாமல் தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. அன்றைக்கு ராச்சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

அப்புறம் ஐப்பசி வந்தது. மழை இறங்குவதற்குள் குவித்து வைத்த உப்பு அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருச உப்பும் ஒரு மழையில் கடலுக்கே போய்விடும். அம்பாரம் கூரை உயரம் இருக்கும். ஏறி, ஓலையை அடுக்கி, கயிறு போட்டு இறுக்க ரெண்டு கை வேண்டும், இரண்டு பேர் சேர்ந்தாலும் சறுக்குகிற உப்பில் ஒற்றைக் கையால் நிற்க முடியாது. ரெண்டு கை இருந்தவர்களோ கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், பொன்னுலிங்கத்தின் சொந்தக்காரர்கள். அவர்கள் ஏறி, நாலடியில் சறுக்கி, முட்டி முழுக்க உப்பேறி எரிகிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது அம்பாரம் வெள்ளை வெள்ளையாக வெறும் தலையோடு நின்றது. கிழக்கே கடலுக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பொன்னுலிங்கம் வண்டி அனுப்பிக் கணபதிராமன் அய்யாவைக் கூட்டிவந்தார். நாற்பத்துமூன்றாம் நாள், பகல். அதே கிட்டங்கி வாசல், அதே நாற்காலி. அய்யா ஒரு தாளை விரித்து வாசித்தார், இந்தத் தேர்தல் ரத்து, அதனால் தூக்கின கைகளும் ரத்து.

யார் கையும் அசையவில்லை.

அய்யா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. மேகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் முந்தின தடவை இருந்த அலட்சியம் இல்லை, எண்பது கைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது நிலைக்காது.

"சரி," என்றார். "எண்ணி முடிக்காம எறங்காது போல. எண்ணுறேன்."

இந்தத் தடவை எழுந்து நடந்து எண்ணினார். ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, எண்ணைச் சொன்னார். எண்பத்தொன்று.

"ஒண்ணு கொறையுதே."

"கொறையல," என்றான் தவசிக்கனி. "வாரும்."

இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அய்யா குடையை மடக்கினார். மேட்டின் மேலே நின்ற அஞ்சு விரலையும் வெகுநேரம் பார்த்தார். செத்தவனுக்கு ஓட்டு ஏது என்று பொன்னுலிங்கம் பின்னாலிருந்து சொன்னார். "உயிரோட இருக்கையில தூக்கினதுதான்," என்றார் அய்யா, திரும்பாமல். "எண்பத்திரண்டு."

திரும்பிக் கிட்டங்கிக்கு வந்து சந்தனவடிவுக்கு முன்னால் நின்றார். குடையை நீட்டவில்லை.

"அம்மா. அது ஓட்டா, தலை அரிப்பா?"

இசக்கியப்பன் தரையைப் பார்த்தான். பொன்னுலிங்கம் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார். "வடிவு, யோசிச்சுச் சொல்லு," என்றார் மெதுவாக. "ஒன் வீட்டுக்கு நாலு கொடமாப் போட்டுருதேன்."

"நாப்பத்திமூணு நாளா யோசிச்சாச்சு மொதலாளி," என்றாள் அவள். "ஓட்டுத்தான்யா. எங்கண்ணனுக்கு. அன்னைக்கும் ஓட்டுத்தான், பயந்து பொய் சொல்லிட்டேன்."

விரல் முடியை விட்டது. கை காதிலிருந்து எழுந்தது, அவசரமில்லாமல், நெற்றிக்கு மேலே, உச்சிக்கு மேலே, முழங்கை நிமிர்ந்து, நேராக நின்றது.

"எண்பத்துமூணு," என்றார் அய்யா.

பாய்மரத்துக் கயிற்றை அறுத்துவிட்டால் பாய் விழுகிற சத்தம் ஒன்று உண்டு. அந்தச் சத்தம் கேட்டது. அத்தனை கையும் ஒன்றாக இறங்கின, இறங்கின காற்றில் அய்யாவின் தாள் பறந்து பாத்தியில் விழுந்தது, கைகளில் உட்கார்ந்து பழகின காக்காய்கள் உட்கார இடமில்லாமல் ஊரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. யாரும் கத்தவில்லை. சிலர் தங்கள் கையைத் தாங்களே மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள், புதுசாகப் பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. தூரத்தில் இடுகாட்டு மேட்டில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் போய்ப் பார்த்தவர்கள், மேட்டின் உச்சியில் ஒரு கை நுழைகிற அளவுக்குக் குழி இருந்தது, அதில் மழைத்தண்ணீர் நின்றது, காக்கா குடித்துக்கொண்டிருந்தது என்றார்கள்.

சந்தனவடிவின் கை மட்டும் இறங்கவில்லை.

முதல் சொட்டு விழுந்தது. "உப்பு," என்றார் பொன்னுலிங்கம், "ஏ, உப்ப மூடுங்கலே, ஓலையை எடுங்கலே." ஒருவரும் நகரவில்லை. எல்லாரும் தவசிக்கனியைப் பார்த்தார்கள். அவன் பொன்னுலிங்கத்துக்கு முன்னால் போய்ப் புதுசாக இறங்கின வலது கையை நீட்டினான்.

"சாவி."

ரெண்டாவது சொட்டு, மூன்றாவது சொட்டு. பொன்னுலிங்கம் அம்பாரங்களைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். அப்பா காலத்துச் சாவி, அவிழ்க்கக் கொஞ்சம் நேரமாயிற்று. தவசிக்கனி அதை மடியில் சொருகிக்கொண்டு திரும்பினான்.

"வாங்கலே. நாம வாரின உப்பு."

ரெண்டு ரெண்டு கையாக ஏறினார்கள். பாதி அம்பாரம் கரைந்தது, பாதி நின்றது.

இசக்கியப்பனுக்குக் கங்காணி வேலை அன்றைக்கே போயிற்று. பாத்தி மழையில் மூழ்கிக் கிடந்ததால் அந்த வருசம் வாருபலகை பிடித்துப் படிக்க அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. சந்தனவடிவின் கை இன்னொரு நாற்பத்துமூன்று நாள் மேலேயே நின்றது, ஒருநாள் கூடவும் இல்லை, ஒருநாள் குறையவும் இல்லை. அந்த நாளெல்லாம் அரைக்கை என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. டவுன் பஸ் அவளுக்காக மட்டும் நின்றது.

சாவி கைமாறின மறுநாள் காலையில் கிணற்றின் கதவு அங்கே இல்லை. தவசிக்கனி வீட்டு அடுப்பிலிருந்து தேக்குப் புகை வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க வரிசையில் நின்றது, கடைக்காரர்களும் நின்றார்கள், பொன்னுலிங்கத்தின் சமையல்காரி அவர் வீட்டுக் குடத்தோடு நின்றாள். கயிற்றை இழுக்க ரெண்டு கை வேண்டும். சந்தனவடிவு இடுப்பில் ஒரு குடம், அதன் மேல் ஒரு குடமாக, ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசைக் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்ததும் தவசிக்கனி யாரும் சொல்லாமல் கயிற்றைப் பிடித்தான். இழுத்தான், ஊற்றினான், இழுத்தான், ஊற்றினான். ரெண்டு குடமும் நிறைந்தது.

"போதுமா?"

"மூணு," என்றாள்.

"ரெண்டு கொடந்தான கொண்டாந்த."

"மூணாவது குடிக்க. ஒன் பேச்சக் கேட்டுட்டு ஒரு கொடத்த அன்னைக்கு வீணாக் கொட்டிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். நாற்பத்துநாலு நாளுக்கு அப்புறம் முதல் தடவையாகப் பார்த்தான். மூன்றாவது வாளியை இழுத்து, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தான். அவள் இடக்கையைக் குவித்து வாயில் வைத்து, வலது கையைத் தூக்கினபடி, கழுத்து நனைய, பின்னல் நனைய, வாளி காலியாகும் வரைக்கும் குடித்தாள். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் என்று சொல்லவில்லை.